கட்டணத்துக்கு 24 கிலோ, இழப்பீட்டுக்கு 9 கிலோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சரக்கு அனுப்ப நிறுவனம் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் 'கிலோவுக்கு எவ்வளவு?' என்பதுதான். நானும் பல ஆண்டுகள் அதோடு நிறுத்திக்கொண்டவன். அந்தக் கிலோ எந்தக் கிலோ என்றும் கேட்க வேண்டும் என்பதை, விளக்குக் கூடுகள் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டியை வெளிநாட்டுக்கு விமானக் கூரியரில் அனுப்பியபோதுதான் கற்றுக்கொண்டேன்.

தராசு காட்டியது 9 கிலோ. ரசீதில் இருந்ததோ 24 கிலோ. எழுத்துப் பிழை என்று எண்ணிக் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பதில் சொல்லாமல் டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்து காட்டினார். நீளம் 60, அகலம் 50, உயரம் 40 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 24. தராசு எடை, இந்தக் கன அளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இலேசான சரக்கு விமானத்தில் எடையை விட இடத்தையே அதிகம் பிடிக்கிறது என்பதால் இந்தக் கணக்கில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் கூரியரில் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பவர்கள், வழக்கமான விமானச் சரக்கில் 6,000-ஆல் வகுக்கிறார்கள் என்பதையும், அங்கே இதே பெட்டி 20 கிலோதான் என்பதையும் யாரும் தாமாகச் சொல்வதில்லை. பெட்டியின் மேல்புறத்தில் வெறுமனே கிடந்த 10 சென்டிமீட்டரை வெட்டி மடித்திருந்தால் கூரியரிலேயே 18 கிலோவாகக் குறைந்திருக்கும் என்பது, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. (இரும்பு போல்ட் அனுப்புகிறவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.)

பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் அதைக் குறிப்பிடாமலே டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சேதத்தைப் பற்றிச் சரக்கு கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வழி இருந்ததால் தப்பித்தோம். ஆனால் இழப்பீட்டுக் கணக்கு வந்தபோது அதே பெட்டி மறுபடியும் 9 கிலோவாகியிருந்தது. விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேச விமானச் சரக்கில், பொருளின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் செலுத்தியிருந்தாலொழிய, நிறுவனத்தின் பொறுப்பு கிலோவுக்கு இவ்வளவு என்ற வரம்போடு முடிந்துவிடும். 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆரில் 26. அந்த இடத்தில் கிலோ என்றால் தராசுக் கிலோ. இலேசான, விலை கூடிய பொருளை அனுப்புகிறவர் கட்டணத்திலும் இழக்கிறார், இழப்பீட்டிலும் இழக்கிறார்.

ஆகவே 'எல்லாவற்றுக்கும் நாங்கள் பொறுப்பு' என்ற வாய்ப்பேச்சைக் காப்பீடு என்று நம்பிவிடக் கூடாது. கப்பலில் அனுப்பினாலும் காப்பீட்டைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் 6 நாட்கள் குறுக்கே சிக்கி நின்றபோது, அதன் உரிமையாளர்கள் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார்கள். அப்படி அறிவித்துவிட்டால் மீட்புச் செலவில் சரக்கு உரிமையாளர்களுக்கும் பங்கு வந்துவிடும். தங்கள் கன்டெய்னரில் ஒரு கீறல்கூட விழாதவர்களும் அதற்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே சரக்கை எடுக்க முடியும். காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். இல்லையென்றால் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

இப்போதெல்லாம் நான் இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்கும்போது, பெட்டியின் மூன்று அளவுகளையும் தராசு எடையையும் எழுதிக் கொடுத்து, வகுக்கும் எண், மொத்தத் தொகை, பொறுப்பு வரம்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். எழுதித் தரத் தயங்கும் நிறுவனம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன். ரசீதின் பின்பக்கத்தில், மூக்குக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் ஒளிந்திருக்கும் அந்த வரம்பை, கட்டணம் அச்சாகும் முன்பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சரக்கு நிறுவனங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அடிக்கடி சரக்கு அனுப்பும் ஒரு வாசகர்