சார்ல்ஸ்டனில் தைக்கும் கூடை

சார்ல்ஸ்டன், தென் கரோலினா

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஓலைப்பெட்டி முடைகிற உங்களுக்கு இங்குள்ள கறுப்பின மக்களின் கூடையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

அவர்களைக் கல்லா கீச்சி மக்கள் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். செனகல் முதல் சியரா லியோன் வரை நெல் விளையும் கரையிலிருந்து வந்தவர்கள் அதில் நிறையப் பேர். இங்குள்ள ஆற்றோரச் சதுப்பைக் கழனியாக்கியது அவர்கள் கைதான். கடல் ஏறும்போது ஆற்றில் எதிர்த்து வரும் நல்ல தண்ணீரை மதகு வழியே வயலுக்குள் விட்டார்கள், வற்றும்போது வடித்தார்கள். உப்புத் தண்ணீர் ஏறிவிட்டால் பயிர் போயிற்று. நகரமே அந்த அரிசியில் செழித்தது. விளைவித்தவர்களுக்கு 1865 வரை விடுதலை இல்லை.

உரலில் குத்திய நெல்லைப் புடைக்கச் சுளகு வேண்டுமே! அதற்காகத் தைத்ததுதான் இந்தக் கூடையின் மூத்த வடிவம். இரண்டடி அகலம், தட்டையான உடல், குட்டை விளிம்பு. கெட்டியான கோரையில் ஆண்கள் தைத்தார்கள்.

தைத்தார்கள் என்றுதான் இவர்களே சொல்கிறார்கள், முடைந்தார்கள் என்பதில்லை. நம் பெட்டியில் ஓலைக்குள் ஓலை ஏறி இறங்கும். இங்கே புல்லைக் கத்தையாகச் சேர்த்து, சுருள் சுருளாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு ஓலை வாரால் தைக்கிறார்கள். கத்தைக்கு ஸ்வீட்கிராஸ் என்ற மெல்லிய கடலோரப் புல், பலத்துக்குக் கோரை, செம்பழுப்பு வரிக்கு நீள ஊசியிலைப் பைன். தைக்கும் வார் பால்மெட்டோ மரத்தின் இளங்குருத்து. நம் பனைக்கு உறவுதான், மட்டை விசிறி போலவே இருக்கும்.

புல்லை அறுப்பதில்லை. தூரைக் காலால் மிதித்துக்கொண்டு தாளை மட்டும் உருவுகிறார்கள், தூர் மறுபடி துளிர்க்கும். சில நாள் காயவைத்தால் பச்சை போய் வைக்கோல் நிறம் வரும். நடுவில் ஒரு முடிச்சு. அதிலிருந்து சுற்று தொடங்கும். கருவி ஒன்றே ஒன்று: குழிப் பகுதியை அறுத்துவிட்டுக் கூராக்கிய தேக்கரண்டிக் காம்பு. அந்தக் காலத்தில் விலா எலும்பாம். அதைக் கொண்டு துளையிட்டு, வாரை நுழைத்து, இறுக்க வேண்டும்.

கை பழகாதவர்களுக்கு மூன்று இடத்தில் கெடுகிறது. புல் தீருமுன் இரண்டிரண்டு தாளாகச் சேர்க்காவிட்டால் சுற்று இளைத்துவிடும். அடிப்பகுதியில் அளவுக்கு மீறி இறுக்கினால் தட்டு கிண்ணமாகக் குழியும். தையல் தள்ளித் தள்ளி விழுந்தால் சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். சின்னக் கூடைக்கே பல மணி நேரம் ஆகிறது. பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

1929இல் கூப்பர் ஆற்றுப் பாலம் திறந்தபின் அக்கரையில் கார்கள் பெருகின. அங்குள்ள மவுண்ட் பிளசண்ட் என்ற ஊரில் 17ஆம் எண் நெடுஞ்சாலையோரம் பெண்கள் கடை போட்டார்கள், இன்றும் இருக்கிறார்கள். 2006இல் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கைவினை என்று இதை அறிவித்தார்கள். 2008இல் மேரி ஜாக்சன் என்ற கூடைக்காரருக்கு படைப்பாற்றலுக்காக அமெரிக்காவில் தரும் மக்ஆர்தர் விருது கிடைத்தது. இவ்வளவு இருந்தும் புல்லுக்குத்தான் தட்டுப்பாடு. கரையெல்லாம் வேலி போட்ட குடியிருப்புகளாகிவிட்டதால் பழைய இடங்களுக்குள் போக முடியவில்லை. புல்லைத் தேடி வேறு மாநிலம் வரை போகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய மனக்குறை.

ஒரு சந்தேகம், அத்தை. நம் பனங்குருத்தை மெல்லிய வாராகக் கிழித்தால் இப்படி இழுத்துத் தைக்கத் தாங்குமா, நுனியில் பிளக்குமா? ஒரு வார் கிழித்துப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்