பரணுக்குப் போன பில் புத்தகம்

திருப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசு,

பத்திரிகை கிடைத்தது. முகூர்த்தம் 21-ஆம் தேதி என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். 11-க்கு ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-க்கு இன்னொரு ரிட்டர்ன், இரண்டையும் முடித்துவிட்டு நிம்மதியாக வரலாம்.

கம்பெனியில் இன்னும் கார்பன் தாள் வைத்துத்தான் பில் எழுதுகிறோமா என்று கேட்டிருந்தாய். அந்தப் புத்தகமெல்லாம் பரணில் கிடக்கிறது. 2020 அக்டோபரில் வருடத்துக்கு 500 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு மட்டும் இ-இன்வாய்ஸ் என்றபோது முதலாளி சிரித்தார். 2023 ஆகஸ்டில் அது 5 கோடிக்கு இறங்கியதும் நாங்களும் மாட்டினோம்.

டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போட்டால் விவரம் அரசுப் போர்ட்டலுக்குப் போய், 64 எழுத்தில் ஒரு எண்ணும் கியூஆர் கோடும் திரும்பி வரும். வந்தால்தான் பில். நம் வழக்கம் உனக்குத் தெரியுமே, பண்டலை முதலில் லாரி ஆபீஸில் இறக்கிவிட்டு பில்லைச் சாவகாசமாகப் போடுவோம். இப்போது எண் வராமல் பண்டல் நகராது. டஜன் கணக்கு மாலை 4 மணிக்குள் என் மேசைக்கு வர வேண்டும் என்பதற்கே பேக்கிங் ஆட்களோடு ஆறு மாதம் சண்டை போட்டேன்.

போன மாதம் ஒரு கூத்து. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கடை வைத்திருக்கும் பார்ட்டிக்கு, ஒரு ஊர்க் கடையின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் மற்றதன் எண்ணைப் போட்டுவிட்டேன். தெரிந்தது மூன்றாம் நாள். போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான். முன்பென்றால் தாளைக் கிழித்துவிட்டு, "சார், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று ஒரு போன் போட்டால் முடிந்தது. இப்போது பழைய பில்லைக் கழிக்க ஒரு கிரெடிட் நோட், அதற்கும் ஒரு 64 எழுத்து, அப்புறம் புது பில். தாங்கள் கழித்துக்கொள்ளும் வரியைப் போர்ட்டல் காட்டும் 2பி பட்டியலில் அது ஏறும்வரை அவர்கள் பணத்தை நிறுத்திவிட்டார்கள். 20 வருடப் பழக்கம் போர்ட்டலுக்கு எங்கே தெரியப்போகிறது?

நல்லதும் உண்டு. விற்பனை விவரம் ரிட்டர்னில் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. நடுராத்திரிவரை விழித்த காலம் போயிற்று.

ஆனால் பணம் ஒழுகும் இடம் இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. சாயப்பட்டறைக்கு எத்தனை கிலோ போனது, எவ்வளவு குறைந்து வந்தது என்பது டெலிவரி சலானிலும் என் கிறுக்கலிலும்தான். அதை அரசு தினமும் கேட்பதில்லை, அதனால் நாங்களும் மாற்றவில்லை. முதலாளி மகன், எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் ஈஆர்பி மென்பொருள் போடலாம் என்கிறான். போடலாம், சரி. ராத்திரி 11 மணிக்குத் துணி இறங்கும்போது எடையை அதில் ஏற்றப்போவது யார்?

உங்கள் அரிசி மில்லில் நெல் எடையை யார் எழுதுகிறார்கள்? கல்யாணத்தில் கேட்டால் நீ பந்தியைக் கவனிக்கப் போய்விடுவாய். இப்போதே எழுது.

அன்புடன்,
சண்முகம்