சிங்க் மூலையில் விரிசல்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். போனில் சொன்னால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய சமையல் மேடைப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிசல் சிங்க் மூலையில் கிளம்பி முன்விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. கல்லின் மேல் குற்றமில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறுப்புக் கல் என்று சொன்னாய், அது உன் பிள்ளை காலத்துக்கும் உழைக்கும். வெட்டினவன் செய்த தப்பு. சிங்க்குக்கு வாய் எடுக்கும்போது நாலு மூலையிலும் முதலில் ட்ரில் போட்டு வட்டமாக்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் பிளேடை ஓட்ட வேண்டும். இவன் நேராக ஓட்டி மூலையைத் தாண்டி இழுத்திருக்கிறான். அந்தக் கீறலில்தான் கல் பிளந்திருக்கிறது. சிங்க்குக்கு முன்னால் இருப்பது மூன்று விரல் அகலக் கல். அதற்குக் கீழே தாங்கலும் கொடுத்திருக்க மாட்டான்.

ஒரு ரூபாய்க் காசை எடுத்து மேடை முழுக்கத் தட்டிக்கொண்டே போ. கெட்டியாகக் கேட்டால் சரி. டொப் டொப்பென்று கேட்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வை. அடியில் போடுகிற கடப்பா கல் மேல் கலவையை முழுக்கப் பரப்பாமல் அங்கொரு கரண்டி, இங்கொரு கரண்டி வைத்து கிரானைட்டைப் படுக்கவைத்தால் உள்ளே வெற்றிடம் நிற்கும். கிரைண்டர் அந்த இடத்தில் இருந்தால் இன்றைக்கே தள்ளி வை. ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றிப் பார். சிங்க் பக்கம் ஓட வேண்டும். அடுப்புப் பக்கம் வந்தால் மட்டம் பார்க்கிற ரசமட்டமே வைக்காமல் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

மேடை போட்ட ஆளைக் கூப்பிடும்போது மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துக் கூப்பிடு. நீ தனியாக நின்று பேசாதே.

விரிசலில் வெள்ளை சிமெண்டைத் தேய்த்துவிட்டுப் போகப் பார்ப்பான், விடாதே. அது உதிர்ந்து தண்ணீர் கீழே இறங்கும், அலமாரிப் பலகை ஊதும், கரப்பான் குடிவந்துவிடும். இரண்டு நாள் சிங்க்கைத் தொடாமல் ஈரம் காயவிட்டு, கறுப்பு கலந்த எபாக்சிப் பசையை உள்ளே இறக்கி, அடியில் இரும்பு ஆங்கிள் கொடுக்கச் சொல். சுவரோரம் சிலிக்கான் போடட்டும். பாக்கிப் பணத்தை இதெல்லாம் முடிகிற வரைக்கும் கொடுக்காதே.

மேடை போடுகிறதுக்கு முந்தி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 41 வருசம் கொத்தனார் கரண்டி பிடித்தவன் நான். உனக்கு என்ன அவசரமோ. ஆனாலும் கண்ணு, உன் பேரில் கடன் வாங்கி, உன் சம்பளத்தில் ஓசூரில் வீடு வாங்கியிருக்கிறாய். கிரகப்பிரவேசப் போட்டோவை டீக்கடையில் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று அம்மாவைக் கேள். நம் சனத்தில் பெண்பிள்ளை பேரில் வீடு என்பது இதுதான் முதல்.

அந்தப் போட்டோவில் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மூன்று மாதமாக நான் போன் பண்ணும் நேரமெல்லாம் அவர் வெளியே போயிருக்கிறார். வேலை அதிகமாக இருக்கும். பொங்கலுக்கும் நீ மட்டும் வந்து மறுநாளே கிளம்பிவிட்டாய். அவரிடம் போனைக் கொடு, ஆங்கிள் எப்படி வைக்க வேண்டும் என்று நானே சொல்கிறேன். ஆள் வரும்போது அவரும் இருக்கட்டும்.

அம்மாவுக்குத் தோள்வலி இன்னும் விடவில்லை. ராசிபுரத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "கையை உயரத் தூக்கி ஏதாவது வேலை செய்வீங்களாம்மா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நம் வீட்டு மேடை 34 அங்குலம். 1998இல் நானே போட்டது. மூலை மட்டம், வாட்டம் எல்லாம் இன்றைக்கும் அச்சு மாறவில்லை. அம்மா நாலே முக்கால் அடி. மேடை போட்ட மறுவாரம், "கொஞ்சம் ஒசரமா இருக்குதுங்க" என்றாள். "எல்லா வீட்டுக்கும் இதுதான் அளவு" என்றேன். அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று குழம்பு கிண்டினாளே, நீயும் பார்த்திருக்கிறாய். மேடை மேல் அடுப்பு, அடுப்பு மேல் சட்டி, அதற்கு மேலே அவள் கை. இத்தனை வருசமாக அந்த மணையை நானும் தினம் பார்த்தேன், என்னவென்று கேட்கவில்லை. இரண்டு அங்குலம் இறக்க எனக்கு இரண்டு நாள் வேலை கண்ணு. ஊரில் எத்தனையோ வீட்டுக்கு மேடை போட்டேன். எல்லா வீட்டிலும் ஆம்பளைகளிடம்தான் உயரம் கேட்டேன். சமைக்கிற பொம்பளையைக் கூப்பிட்டு நிற்கவைத்து அளந்ததே இல்லை. டாக்டர் வீட்டிலிருந்து வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வலிக்கிறதா என்று அவளைக் கேட்கவும் வாய் வரவில்லை.

நீயும் அவள் வளர்த்த பிள்ளைதான்.

அடுத்த வாரம் நம் மேடையைப் பெயர்க்கிறேன். சித்தாளுக்குச் சொல்லியாகிவிட்டது. அது முடிந்ததும் ரசமட்டத்தையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு சேலம் போய் ஓசூர் பஸ் ஏறுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. எனக்கு ஒரு பாய் போதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருப்பேன்.

அதற்குள் ஒரு காரியம் செய். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நில், கையை மடக்கு, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் டேப் பிடித்து அளந்து அனுப்பு. மேடை அதற்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். மாப்பிள்ளையும் சமைப்பார் என்றால் அவருடைய அளவையும் சேர்த்து எழுது. இல்லையென்றால் உன்னுடையது மட்டும் போதும்.

அப்பா