ஒரு வகுப்பறை கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனிக்குச் செல்லும் செவிலியர் பற்றிய தங்கள் செய்தியில், அவர்களுக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொடுப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சி என்று கேரள–தமிழக எல்லையின் இரு பக்கமும் அந்த வேலை செய்யும் பெண்கள் 14 பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறை கூடி மொழியை ஆராயும் ஒரு சங்கம் நடத்துகிறோம்.

சந்தா வாங்கி ரசீது எழுதுவது முதல், பாலக்காட்டுத் தோழிக்குக் கடைசி பஸ் தவறாமல் கூட்டத்தை முடிப்பது வரை எல்லாம் எங்கள் தலையில்தான். அரங்கு கேட்டுப் போன ஒரு கல்லூரியில், “டியூஷன் எடுப்பவர்களுக்கு ஆய்வுக் கூட்டம் எதற்கம்மா?” என்றார்கள். என் வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். சென்ற மாதம் ஒரே சொல்லில் மாலை போனது: ‘மேட்சென்’. சிறுமி என்று பொருள். இலக்கணத்திலோ அஃறிணை போல நடுப்பால்! சிறியது என்று காட்டும் ‘சென்’ என்ற குறுமை விகுதி சேர்ந்தால் எந்தச் சொல்லும் அப்படித்தான். மாணவிகள் கேட்கும்போது சொல்லத் தெரிய வேண்டாமா?

அமெரிக்காவில் ஜெர்மன் துறைப் பெண்கள் 1970களிலேயே கூட்டமைப்பு கண்டு, 1985 முதல் ஆண்டு மலரும் கொண்டுவந்தார்கள். இங்கே ஜெர்மன் மதபோதகர் குண்டர்ட்டின் 1872ஆம் ஆண்டு மலையாள அகராதியைப் போற்றுகிறோம். தலைச்சேரியில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய அவர் மனைவி ஜூலியை யார் நினைக்கிறார்கள்? (ஜூலியைப் பற்றித்தான் எங்கள் கூட்டத்தில் அடுத்த கட்டுரை.)

மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை. தரக்கூடிய கல்லூரி இருந்தால் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

– ஜெர்மன் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை