இரும்பில் மூன்று, காகிதத்தில் எட்டு

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

நேற்று போனில் "கொடுத்துவிடாதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்பதைப் போனில் சொல்லி முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். தங்கச்சிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. மருந்து விடும் நேரத்தை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் சமையலறைக்குப் போய்விட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள்.

இனி உன் தாத்தாவின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். இன்ஜினில் ஓர் எண்ணும் சேசிஸில் வேறோர் எண்ணும் இருப்பதால் இது இரண்டு வண்டிகளை ஒட்டுப்போட்டது, பழைய இரும்பு விலைதான் பெறும் என்று வாங்க வந்தவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னது தவறு. பர்மிங்ஹாமில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் இன்ஜினுக்கு ஒரு வரிசை, சேசிஸுக்கு வேறு வரிசை. இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் அங்கே இயல்பு. எந்த இன்ஜின் எந்தச் சேசிஸில் ஏறியது என்பதைத் தொழிற்சாலைப் பேரேட்டில்தான் குறித்துவைத்தார்கள். அறுபதுகளின் டிரயம்ப் கம்பெனி வண்டியில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சந்தேகப்படலாம். ஒரு வீட்டு வழக்கத்தை வைத்து இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது அல்லவா?

எண்ணின் தொடக்கத்தில் டபிள்யூ, அடுத்து எம் 20 என்று இருப்பதாக எழுதியிருக்கிறாய். எம் 20 என்பது வண்டியின் வகை. அதற்கு முன்னால் நிற்கும் எழுத்துதான் காலத்தைச் சொல்கிறது. 1939ஆம் ஆண்டு வண்டிக்குக் கே, 1946க்கு எக்ஸ். டபிள்யூ என்றால் போர்க்கால வண்டி. 496 சி.சி., சைடு வால்வு, அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய அமைப்பு. வேகம் போகாது, ஆனால் எந்த மண்ணிலும் நிற்காமல் போகும். போர் முடிவதற்குள் இதில் ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் செய்தார்கள். போருக்குப் பிறகு, ராணுவம் கழித்ததை விற்கும் டிஸ்போசலில் வாங்கியதாக உன் தாத்தா சொல்வாரே, அந்த வாய்வார்த்தைக்கு இதோ இரும்பில் சாட்சி. நாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வாயாலேயே ஓட்டிய நாளில் இது யாருக்குத் தெரியும்!

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் புல்லட்டில் பதினான்கு மாதம் இதையேதான் கற்றுக்கொண்டேன். நேற்று மாலை வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, சண்முகம். சிலிண்டரின் அழுத்தத்தை இறக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ஒன்பதாவது உதையில் பிடித்துக்கொண்டது. ஒரு முறை இருமிவிட்டு நிதானமாக அடிக்கத் தொடங்கியது. மீனாட்சி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். நான் அழுதுவிட்டேன்.

விற்றவர் இதை 1955ஆம் ஆண்டு ரெட்டிச் வண்டி, அதாவது இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருந்த ஊரில் செய்தது என்றுதான் சொன்னார். நானும் நம்பினேன். கார்புரேட்டரில் ஆமல், டைனமோவில் லூகாஸ், ஸ்பீடோமீட்டரில் ஸ்மித்ஸ்; திரும்பிய பக்கமெல்லாம் இங்கிலாந்துப் பெயர். ஆனால் பெயரைப் பார்த்துப் பிறந்த ஊரைச் சொல்ல முடியாது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1956 முடிவதற்குள் அங்கே செய்தவை 163 வண்டிகள். தொடக்கத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன. நம் ஆட்கள் அவற்றைக் கோத்து வண்டியாக்கினார்கள். எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கியது அறுபதுகளில்தான். அதனால் அந்தச் சில வருடங்களின் வண்டியில் இங்கிலாந்துப் பாகங்கள் இருப்பதை வைத்து வண்டியே அங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? டைனமோவை, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவோடு சேர்த்து இறுக்கும் தகட்டுப் பட்டையைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அரை விரல் தடிமனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. அது போனதும் உலோகத்தில் சின்னதாக 3, ஒரு இடைவெளி, 57. லூகாஸ் கம்பெனி தன் பாகங்களில் மாதத்தையும் வருடத்தையும் இப்படித்தான் குத்தும். 1957 மார்ச்சில் செய்த டைனமோ, 1955இல் கப்பலேறிய வண்டியில் எப்படி இருக்கும்?

பின்னால் மாற்றியதாக இருக்கலாம் என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஒரு பாகத்தின் தேதியை மட்டும் நம்பக் கூடாது. வண்டியோடு பிறந்தது எது, வழியில் வந்து சேர்ந்தது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டைனமோவுக்கு அடியில் அது உட்கார்ந்த தடம் ஒன்றுதான் இருந்தது. வேறொன்று உட்கார்ந்து எழுந்த அடையாளம் இல்லை. டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலோ லூகாஸ் டி.வி.எஸ். என்று இருந்தது. சென்னை பாடியில் அந்தக் கம்பெனி தொடங்கியதே 1961இல். ஆகவே அது பின்னால் மாற்றியது. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவு 1958 பிப்ரவரி. மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் வண்டி 1957 மார்ச்சுக்கும் 1958 பிப்ரவரிக்கும் நடுவில் நம் திருவொற்றியூரில் கோத்தது. ரெட்டிச் போய்விட்டதே என்று நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த நம்மூர்க் கைகள் கோத்த முதல் சில வண்டிகளில் ஒன்று என் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது!

இந்த இடத்தில்தான் பெரிய சோதனை வந்தது. புதுப்பித்தலுக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொடுக்க இன்ஜின் எண்ணைப் பென்சில் அச்சு எடுத்தேன். மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் கறுப்புக்கு நடுவில் எண்கள் வெள்ளையாக எழும்பும். ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாவது இலக்கம் சற்றே இடது பக்கம் சாய்ந்திருந்தது; குத்தியவரின் கை அன்று அப்படி விழுந்திருக்கிறது. கடைசி இலக்கம் 3. ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தேன். ஊதா மையில் அழகான கையெழுத்து. கடைசி இலக்கம் 8.

ஒருவேளை 8 தேய்ந்து 3 ஆகிவிட்டதோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லை. இடது பக்கம் திறந்தே இருக்கிறது; சுற்றிலும் அலுமினிய வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. அரம் போட்டிருந்தால் அந்த இடம் வழுவழுப்பாகி, சற்றுப் பள்ளமாகியிருக்கும். ஆக, இரும்பு சரி. அறுபது வருடத்துக்கு மேலாகக் காகிதம்தான் தவறு. புத்தகத்தில் ஏற்றும்போது யாரோ ஒருவர் 3ஐ 8 என்று படித்திருக்கிறார்.

ஒரு தரகர் வீட்டுக்கே வந்தார். "இதற்கா அலைகிறீர்கள்? பத்து நிமிட வேலை. 3இன் இடது பக்கத்தில் இரண்டு வளைவு குத்திவிட்டால் 8" என்றார். அவருக்கு அது உதவி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த 3ஐக் குத்திய மனிதர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருடைய சம்பளச் சீட்டு போயிருக்கும், அவர் பேர்கூடப் போயிருக்கும். அவர் சுத்தியல் பட்ட இடம் மட்டும் மிச்சமிருக்கிறது. அதைப் போய் நான் திருத்துவதா? முடியாது என்று அனுப்பிவிட்டேன். புத்தகத்தைத் திருத்த விண்ணப்பம் கொடுத்தேன். வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு இரண்டு முறை நேரில் காட்டினேன். ஏழு மாதமானது. கடைசியாகப் பார்த்த இளம் ஆய்வாளர் தானே பென்சில் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இன்று புத்தகத்திலும் 3.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிஸ்டன், ரிங், வால்வு கைடு, கிளட்ச் தட்டு, வயரிங் எல்லாம் புதிது. இவை தேய்வதற்கென்றே பிறந்தவை. பிஸ்டனின் தண்டு கிராங்கில் பொருந்தும் பிக் எண்டில் இந்த வண்டிக்கு ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அதைக் கோயம்புத்தூரில் கடைந்து வாங்கினேன். மரை விஷயத்தில்தான் நொந்துபோனேன். முன்பு வண்டி நின்ற ஏதோ ஒரு பட்டறையில் டைமிங் கவரில் மெட்ரிக் போல்ட்டை அடித்து ஏற்றியிருக்கிறார்கள். இதில் இருப்பது இங்கிலாந்தின் பழைய அங்குல மரை. மில்லிமீட்டர் போல்ட் முதல் இரண்டு சுற்று சமாதானமாகப் போகும், பிறகு அலுமினியத்தை அறுத்துக்கொண்டு போகும். நான்கு துளைகளைப் பற்றவைத்து அடைத்துப் புதிதாக மரை வெட்ட வேண்டியதாயிற்று. சரியான திருகுகளுக்காகச் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். ஒரு பெரியவர் தகர டப்பாவைக் கவிழ்த்து, விரலால் தடவிப் பார்த்தே பதினொன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பெட்ரோல் டேங்குக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. எல்லோரும் சொன்னார்கள், மகன்கூடச் சொன்னான். அதில் ஓடும் தங்கக் கோடு திருவொற்றியூரில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. வலது பக்கம் முழங்கால் உரசும் இடத்தில் அது அழிந்திருக்கிறது. முதல் சொந்தக்காரரின் முழங்காலாக இருக்கும். பளபளப்பு வேண்டுமென்றால் எந்த நாளும் வாங்கலாம். அந்தக் கோட்டை எங்கே போய் வாங்குவேன்? உள்ளே துருவை எடுத்து, வெளியே மெழுகு மட்டும் பூசியிருக்கிறேன். கழற்றிய பாகங்களையும் எறியவில்லை, சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்ததே, வி.ஏ. என்ற எழுத்தோடு எண் கொடுப்பது, அதில் நான் சேரவில்லை. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் தவிர சாலையில் எடுக்கக் கூடாது என்கிறது விதி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை கல்லணை வரை போய் வர வேண்டும். உனக்கு வேண்டுமானால் பொருந்தும்; தாத்தாவின் புத்தகம் கிடைக்கிறதா என்று முதலில் பரணில் தேடு.

இப்போது நீ செய்ய வேண்டியது. வண்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரிடமும் கொடுத்துவிடாதே. மணல் வீச்சில் போட்டால் எண்ணின் விளிம்புகள் போய்விடும். கம்பி பிரஷ்கூட வேண்டாம். மண்ணெண்ணெயும் பழைய பருத்தித் துணியும் போதும். இரண்டு எண்களையும் பென்சில் அச்சு எடுத்து அனுப்பு. போட்டோவில் நிழல் விழுந்து ஏமாற்றும். பிறகு டேங்கின் பக்கவாட்டில் பிற்காலத்துப் பெயின்ட் எங்கேயாவது உரிந்திருக்கிறதா என்று பார். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த வண்டி என்றால் அடியில் சி என்ற எழுத்தும் ஏழு இலக்கமும் வெள்ளையில் எழுதியிருப்பார்கள். தெரிந்தால் நீ சுரண்டாதே, நான் வருகிறேன். மிக மெல்லிய உப்புத்தாளை நனைத்து, இருவருமாக உட்கார்ந்து ஒவ்வோர் அடுக்காக எடுப்போம்.

தைக்கு முன்னால் வரப் பார்க்கிறேன். புல்லட்டிலேயே வரலாமா என்று மீனாட்சியிடம் கேட்டேன். ரயிலில் வந்தால்தான் தானும் வருவேன் என்கிறாள், ஆகவே ரயில்தான். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், தங்கச்சியோடு இரு. அந்தப் பழைய அங்குல மரைக்கான விட்வொர்த் ஸ்பானர் செட்டை நானே கொண்டுவருகிறேன், அங்கே யாரிடமும் கடன் கேட்காதே.

என்றும் உன்,
வேலு