எந்த நரகம் என்று கேட்கவில்லை

ஜாபர்கான்பேட்டை,
சென்னை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்றிரவு "ஆபீஸ் நரகமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, நான் பதில் தேடுவதற்குள் போனை வைத்துவிட்டாய். கிண்டி சிக்னலில் கால்மணி நேரம் நின்றாலே நரக வேதனை என்று சொல்கிறவள் உன் அம்மா. அப்படியொரு பேச்சாகத்தான் இதுவும் இருக்கும் என்று எண்ணிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

தாத்தா இறந்தபோது கூடத்தில் கருட புராணம் வாசித்தார்கள். கும்பீபாகத்தின் கொதிக்கும் எண்ணெயைப் பற்றிக் கேட்ட நீ, அடுத்த மாதம் அம்மா வடை சுடும்போது வாணலியைப் பார்த்து அலறினாய். எனக்கு நினைவிருப்பது வேறு. 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் காப்பவனே புத்திரன் என்று வாத்தியார் விளக்கியபோது, வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒற்றை மகளைப் பெற்ற என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மனுஸ்மிருதியிலேயே உள்ள விளக்கம்தான் அது. இருந்தும் எனக்கு அது ஒருநாளும் உறைத்ததில்லை. பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் 28 நரகங்களை எண்ணிச் சொல்கிறது. ஆனால் அவற்றில் எதிலும் எவரும் நிரந்தரமாக இருப்பதில்லை. வினை தீர்ந்ததும் மறுபடி பிறந்தே ஆக வேண்டும்.

கிறித்தவ வேதத்தில் நரகத்தைக் குறிக்கும் 'கெகன்னா' என்ற சொல், எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தது. இசுலாமியர் சொல்லும் 'ஜஹன்னம்' என்பதும் அதற்கு உறவான சொல்லே. பெற்றவர்களே தங்கள் பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் அது என்று பழைய ஏற்பாடு கண்டிக்கிறது. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நேற்றிரவுதான், உனக்கு விருப்பமில்லாத அந்த வேலையில் சேரச் சொல்லி, சம்பளக் கணக்கைக் காட்டி உன்னைப் புனேவுக்கு ரயிலேற்றியவன் நான் என்பது நெஞ்சில் தைத்தது.

வள்ளுவர் நரகத்தை 'அளறு' என்கிறார். அளறு என்றால் சேறு. புலால் உண்டவனை விழுங்கிய அளறு, அவனை வெளியே விட வாய் திறக்காது என்பது குறள். அதன் பொருளை நான் உரைகளில் கற்கவில்லை, 2015 டிசம்பரில்தான் கற்றேன். அடையாற்று வெள்ளம் வடிந்த பிறகு நம் கூடத்தில் முழங்காலளவு சேறு நின்றது. சாக்கடையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த நாற்றம் பொங்கல் வரை சுவரை விட்டுப் போகவில்லை. பள்ளிப் புத்தகத்தை எடுக்க ஓடிய உன் கால் அலமாரிக்கு முன்னால் புதைந்துவிட்டது. நீ உதற உதற இன்னும் உள்ளே போயிற்று. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உன் மணிக்கட்டைப் பற்றி இழுத்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. அந்தச் செருப்புக்காக நீ இரண்டு நாள் அழுதாய்.

வீட்டுக் கடனில் இன்னும் ஏழு தவணைதான் பாக்கி. என் ஓய்வூதியத்தில் அதைக் கட்டிவிடலாம். உன் சம்பளத்தை நம்பி இங்கே எதுவும் நிற்கவில்லை. மாடி அறையில் கிடந்த பழைய பேப்பர்களை இன்று காலை கடைக்காரரிடம் போட்டுவிட்டேன், மின்விசிறியையும் துடைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எந்த நரகம் என்று விவரமாகச் சொல். இந்தமுறை நான் குறுக்கே பேசமாட்டேன்.

அன்புடன்,
அப்பா