செயலாளரின் ஆண்டறிக்கை: இரும்பு உருண்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கி யாருடையது என்று அவரவருக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மெட்டல் டிடெக்டரோடு பழம்பொருள் தேடும் நம் சங்கத்தின் மேசைக்கு இந்த ஆண்டு அதிகம் வந்தவை இரும்பு உருண்டைகள். மெட்டல் டிடெக்டர் ஒலித்து, தோண்டி, உருண்டையாக ஏதாவது கையில் சிக்கியதுமே ‘பீரங்கிக் குண்டு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அவற்றில் பல, சிமென்ட் ஆலைகளிலும் தாதுவை அரைக்கும் ஆலைகளிலும் சுழலும் உருளைக்குள் போடப்படும் அரவை உருண்டைகள். தேய்ந்ததும் கழித்துப் போடுவார்கள், எங்கெங்கோ போய்ச் சேரும். வார்ப்பு அச்சின் தழும்பு தெரிகிறதே என்று வாதாடியவர்கள் உண்டு. வார்த்த அரவை உருண்டைக்கும் அந்தத் தழும்பு இருக்கும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அளவும் எடையும்தான் பேச வேண்டும். பழைய குண்டுகள் வார்ப்பிரும்பு. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.1 கிராமை ஒட்டி இருக்கும், எஃகுக்கு 7.85. விட்டம் 9 செ.மீ. என்றால் வார்ப்பிரும்பு சுமார் 2.7 கிலோ வரும், எஃகு 3 கிலோவைத் தொடும். 6 பவுண்டு என்பது 2.72 கிலோ, ஆங்கிலேயர்களின் 6 பவுண்டர் (6 பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கிக் குண்டு ஏறக்குறைய இந்த 9 செ.மீ. அளவுதான். அதே அளவில் 3 கிலோ காட்டினால் ஆலையை நினையுங்கள். விட்டம் அளக்கும் காலிப்பர் இல்லாவிட்டால் நூலைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுத்தால் போதும். துருவின் மேலோட்டைச் சேர்த்து அளக்க வேண்டாம், விட்டம் கூடிவிடும்.

7.26 கிலோ வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது ஆண்களுக்கான குண்டு எறிதல் போட்டியின் எடை, 16 பவுண்டு. ஆங்கிலேயர்களின் வழக்கமான பீரங்கிக் குண்டு வரிசையில் 12 பவுண்டுக்கு அடுத்தது 18, நடுவில் 16 கிடையாது. இன்னொன்று, எல்லா நாட்டுப் பவுண்டும் ஒன்றல்ல. பழைய பிரெஞ்சு பவுண்டு சுமார் 489 கிராம். அவர்களுடைய 12 பவுண்டுக் குண்டு ஆங்கிலேயர்களுடையதைவிடக் கனமானது.

கணக்கு காலை வாரும் இடம் கடல். உப்புநீரில் நெடுங்காலம் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்துபோய்க் கிராஃபைட் மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும், எடை மட்டும் குறைந்துவிடும். அதைப் பார்த்து உள்ளே வெற்றிடம் என்று நினைப்பது சுலபம். காற்றில் காயவிட்டால் வெடித்து உதிரும், சில சமயம் சூடேறும். தண்ணீரிலேயே வைத்து, பழம்பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம் கேளுங்கள்.

நான் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. திடக் குண்டு வெடிக்காது. ஆனால் எடை குறைவாக இருந்தாலோ, திரிக்கான துளையோ அடைப்போ தெரிந்தாலோ அது கருமருந்து அடைத்த வெடிகுண்டாக இருக்கலாம். துளை துருவில் மறைந்தும் போயிருக்கும். கருமருந்து நூறாண்டு தாண்டியும் சாவதில்லை. 2008-ல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்தபோது அது வெடித்து அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் இறந்தார். ஆகவே துளைபோடுவது, தட்டுவது, கிரைண்டர் பிடிப்பது, வண்டியில் ஏற்றிக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது எதுவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, விலகி நின்று காவல்துறைக்குச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் புகைப்படம் போதும்.

சிறு குண்டுகளை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அவைதான் சுவாரசியம். தகர டப்பாவில் அடைத்துச் சுட்ட கேனிஸ்டர், துணிப்பையில் கட்டிய கிரேப் ஷாட், ஹென்றி ஷ்ராப்னல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வடிவமைத்து, பிரிட்டிஷ் ராணுவம் 1803-ல் ஏற்ற குண்டுக்குள் இருந்த ஈயத் தோட்டாக்கள் என்று வகைகள் உண்டு. மண்ணில் கிடந்த ஈயம் வெளிறிய வெண்படலத்தோடு வரும். தனியாக ஒன்று அதிகம் சொல்லாது, பத்து கிடைத்த இடங்களைக் குறித்தால் யார் எங்கிருந்து சுட்டார் என்பதே தெரியலாம். அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984-ல் டிடெக்டர் கொண்டு ஆய்வாளர்கள் செய்தது அதைத்தான். இடம் குறிக்காமல் பையில் போட்டுக்கொண்டவர்களிடம் என் வருத்தத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நில உரிமையாளரின் அனுமதி, தொல்பொருள் சட்டம் பற்றிய சுற்றறிக்கை இன்று மீண்டும் தரப்படும்.

சரி, செயற்குழுவின் பரிந்துரைகள் இரண்டு. சங்கத்துக்கு ஒரு நல்ல தராசும் பெரிய காலிப்பரும் வாங்குவது. அப்புறம், ஒரு பதிவேடு. அதில் இடம், ஆழம், விட்டம், எடை எல்லாம் பேனாவால் எழுத வேண்டும். பொருளின் பெயரைக் கடைசியில், பென்சிலால். இரண்டையும் வாக்கெடுப்புக்கு முன்வைக்கிறேன்.